நாலு விரற்கடை

கவுன் அக்காவின் முதுகில் சிக்கிக்கொண்டது.

"மெதுவா, சித்தி," என்றாள் அக்காவின் மகள். "கிழிஞ்சிடும்."

"நான் தச்சது கிழியாது."

அந்த நீல கவுன்தான் தங்கை தன் கடையில் அக்காவுக்குத் தைத்த கடைசி உடுப்பு. அதன் பிறகு அக்கா வேறு தையல்காரரிடம் போய்விட்டாள். காரணம் சொல்லவில்லை. நேற்று நிமோனியாவில் போய்ச் சேர்ந்தவளிடம் இனிக் கேட்கவும் முடியாது.

கூடத்தில் பேசுவது கதவிடுக்கில் கேட்டது. "கடைசி வரைக்கும் ராணி மாதிரி உக்காந்திருப்பாங்க. அந்தத் தங்கச்சியப் பாருங்க, இப்பவே கூன் விழுந்துடுச்சு."

தங்கை பல்லைக் கடித்தாள். செத்தும் இவளுக்குத்தான் புகழ்.

கவுனைக் கீழே இழுக்கும்போது அது கண்ணில் பட்டது. அடிவயிற்றின் ஓரத்தில், தபால்தலை அளவில் ஒட்டியிருந்த ஹார்மோன் பேட்ச்.

"உரிச்சிடட்டுமா, சித்தி?"

"இருக்கட்டும். அவ சொத்து."

மாதவிலக்கு நின்ற பிறகு இருவருக்கும் எலும்பு தேயத் தொடங்கியது. ஒரே டாக்டர். தங்கைக்கு வாரம் ஒரு எலும்பு மாத்திரை. அக்காவுக்கு அந்த மாத்திரையும் பேட்ச்சும். "எனக்கு ரெண்டு. உனக்கு ஒண்ணுதானா, குள்ளி?" என்று அக்கா ஃபோனில் சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உயரமும் அவளுக்கு, ஜன்னலோரக் கட்டிலும் அவளுக்கு.

தங்கை டாக்டரிடமே போய்க் கேட்டாள், எனக்கும் ரெண்டையும் குடுங்களேன் என்று.

"உங்களுக்கு மாத்திரையே போதும்மா."

கிள்ளிக் கொடுத்தது போலிருந்தது. வாராவாரம் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு, படுக்கக் கூடாத அந்த அரை மணி நேரமும் அக்காவின் இன்னொரு மருந்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கவுன் ஒருவழியாக இறங்கியது. முதுகில் இறுகிப் பிடித்தது. கீழே பாதங்களைத் தாண்டி நாலு விரற்கடை வழிந்து கிடந்தது.

தங்கை அந்த விளிம்பையே பார்த்தாள். அவள் கத்தரி அளவு தப்பியதில்லை.

அக்காவின் முதுகுக்கடியில் கையை நுழைத்தாள். தோள்களுக்கு நடுவே மேடு. தன் முதுகில் இருப்பதைவிடப் பெரிது.

"எப்பலேருந்து?"

மகள் கவுனின் விளிம்பை நீவிவிட்டாள்.

"முதுகெலும்பு ரெண்டு எடத்துல நொறுங்கிடுச்சு, சித்தி. அம்மாவுக்கு மாத்திரை மட்டும் பத்தல. அதான் பேட்ச்சையும் சேத்துக் குடுத்தாங்க."

"எங்கிட்ட ஏன் மறைச்சா?"

"துணி தைக்க வந்தா நீங்க டேப்பை எடுத்துடுவீங்களாம். குள்ளிக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. நீங்க வர்றீங்கன்னா, நாற்காலியில தலகாணி போட்டு முன்னாடியே உக்காந்துக்குவாங்க."

"தலகாணியா!"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்தில் யாரோ, "என்ன உயரம் அந்தம்மா!" என்றார்கள். மகள் கதவைப் பார்த்தாள்.

"கழட்டு," என்றாள் தங்கை. "முதுகுத் தையலப் பிரிச்சு விடறேன். கீழ ஏத்தி மடிச்சாப் போதும். ஒருத்தருக்கும் தெரியாது."

"டேப் எடுத்துட்டு வரட்டா?"

"வேணாம்."

கவுனைத் தன் தோள்களில் பொருத்திப் பிடித்துக்கொண்டு அவள் சுவரோரம் நின்றாள். அவள் பாதங்களையும் தாண்டி அதே நாலு விரற்கடை தரையில் கிடந்தது. மகள் குண்டூசிகளோடு கீழே உட்கார்ந்து விளிம்பை மடித்தாள்.

"கொஞ்சம் நிமிந்து நில்லுங்க, சித்தி."

"இவ்வளவுதான்," என்றாள் தங்கை.