ஏழாவது வாசலில் நின்றவள்

ஜமுனாமரத்தூருக்கு மேற்கே, புளியமரங்களைத் தாண்டி இருக்கும் ஒரேயொரு சரிவில் மட்டும் மார்கழி பிறந்ததும் வெண்பனி கொட்டி முழங்கால் ஆழத்துக்கு நிற்கும். பக்கத்துச் சரிவில் அதே நேரம் சாமைத் தாள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். முதல் வருஷம் ஊர் பயந்துபோய்க் கிடா வெட்டியது. அடுத்த வருஷம் சந்தவாசலிலிருந்து ஜனங்கள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, போர்வை எடுத்து வராத தங்கள் புத்தியைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அதற்கப்புறம் சந்தையில் புளி விலை கேட்கிற மாதிரி இந்த வருஷம் பனி எப்படி என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இப்படி இருக்கையில் ஒரு தை மாதம் உலகப் பனிச்சறுக்குப் போட்டி அங்கேதான் என்று முடிவாகி, பல தேசத்து வீரர்கள் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தார்கள்.

சரிவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத தொண்டர்கள் வேண்டும் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவள் அன்பரசி. இரண்டாவது பெயர் அவள் புருஷன் வெற்றிவேலுடையது. விடியற்காலையில் களத்துப் பலகையால் பனியைத் தள்ளிச் சமன்செய்ய வேண்டும். போட்டி தொடங்கியதும் ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு ஏழாவது வாசலில் நிற்க வேண்டும். வாசல் என்பது இரண்டு கம்பங்கள்தான். சறுக்கி வருகிறவரின் இரண்டு காலும் அவற்றுக்கு நடுவே போக வேண்டும். தவறினால் கையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு பேர் என்று சொன்னபோது அன்பரசி சிரித்துவிட்டாள். "எங்களுக்கு எதுக்குங்க ரெண்டு பேரு? நான் பாத்தா அவரு பாத்த மாதிரிதான்." கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் அவர்கள் நாளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தார்கள். இறங்கும்போது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்; ஊர் பார்த்தும் விடவில்லை.

வெற்றிவேலின் தம்பி விஜயராஜும் போட்டியில் இருந்தான். தாயில்லாத பிள்ளை; அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அன்பரசிதான் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தாள். முதல் பனியில் பலாப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்க ஆரம்பித்தவன், இப்போது நாட்டின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு வந்தான். மூடுபனி கேமராக்களை மறைத்திருந்தது. ஏழாவது வாசலில் அவன் சாய்ந்து திரும்பியபோது இடது கால் கம்பத்துக்கு வெளியே போனது. அன்பரசி அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது. ஆனாலும் கை தூக்கினாள். கீழே அதற்குள் அவன்தான் முதல் என்று பட்டாசு வெடித்துவிட்டது.

நடுவர் கூடாரத்துக்கு மூவரையும் கூப்பிட்டார்கள். செங்கத்துக்காரர் கோகுலகிருஷ்ணன்தான் தலைமை நடுவர். "இன்னாம்மா பாத்தீங்க?" என்று கேட்டார்.

"இடது காலு கம்பத்துக்கு வெளிய போச்சுங்க. எங்க வூட்டுக்காரரும் பாத்தாரு, கேளுங்க."

வெற்றிவேல் தரையைப் பார்த்தான். "ரெண்டு காலும் உள்ளதான் போச்சுங்க. அவ அப்ப மூக்கச் சிந்திகினு இருந்தா."

கூடாரத்தில் யாரோ சிரித்தார்கள். அன்பரசி விஜயராஜைப் பார்த்தாள். அவன் மட்டும் நிஜத்தைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் கோப்பை அவனுக்கே போனாலும் சரி என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. "அண்ணிக்குக் கண்ணு கூசியிருக்கும்" என்றான் அவன். அவள் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தாள். மேளதாளத்தோடு போன வெற்றி ஊர்வலம் அவளைத் தாண்டித்தான் போனது. அண்ணனும் தம்பியும் ஒரே மாலைக்குள் கழுத்தை நுழைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த வெற்றிவேல், "நம்ம வூட்டுப் புள்ளைய நானே எப்படிக் காட்டிக் குடுப்பேன்?" என்றான்.

"அவனக் காட்டிக் குடுக்க வாணாம்னுதான் என்னைக் குடுத்துட்டீங்களா?"

மறுநாள் காலையிலிருந்து பனி வெற்றிவேலின்மேல் பெய்யத் தொடங்கியது. ஓட்டுக்கூரைக்கு அடியில், அவன் தலைக்கு ஒரு முழம் மேலே தொடங்கி, அவன் தோளளவுக்கு மட்டும் மெல்ல விழுந்தது. அதற்கப்புறம் எந்த மார்கழியிலும் சரிவில் பொட்டுப் பனி விழவில்லை. போட்டி வடக்கே இமயமலைப் பக்கம் போய்விட்டது; விஜயராஜ் வெளிநாட்டுக்குப் போய், பொங்கலுக்கு மட்டும் போன் செய்தான். வைத்தியர் வெற்றிவேலின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கம்பளி வாங்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ரேணுகாதேவி சித்திரை வெயிலில் தயிர் புளிக்காமலிருக்கச் சட்டியை அவன் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்பரசி காலையில் பனியைக் கூட்டி வாசலில் தள்ளினாள், சோறு போட்டாள். உப்பு வேண்டுமா என்பதைத் தவிர அவனோடு வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு சந்தை நாளில் அவன் டீக்கடை முன்னால் நின்று, "தம்பி காலு வெளியதான் போச்சு. அவ சொன்னதுதான் நெசம்" என்று உரக்கச் சொன்னான். முடிந்துபோன விஷயத்தை எதற்குக் கிளறுகிறாய் என்றார்கள். பனி நிற்கவில்லை. எதிரே புளி விற்றுக்கொண்டிருந்த அன்பரசி தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் காதில் விழுந்ததை டீக்கடைக்காரர் பார்த்தார்.

அந்த வாரம் வடக்கே நடக்கும் போட்டிக்குத் தொண்டராகப் பெயர் கொடுக்க அவளே போன் செய்தாள். கூட நிற்க யாராவது தெரிந்தவர் உண்டா என்று கேட்டார்கள். "முன்னபின்ன தெரியாத ஆளாப் போடுங்க" என்றாள்.

பஸ் நிற்கும் இடம்வரை வெற்றிவேல் அவள் பையைச் சுமந்து வந்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றான்; அவன்மேல் பெய்த பனி உள்ளேயும் சிதறியது. கண்டக்டர், "சீட்டு நனையுதும்மா, ஜன்னலச் சாத்து" என்றார். அன்பரசி பைமேல் இருந்த பனியைத் தட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.