பக்கத்து ஊர்க் குறை

நூற்று இருபது படிவத்திலும் ஒரே பதில்தான். கண் பரிசோதனை வேன் எப்படி? நல்லாருக்கு. டாக்டர் எப்படி? நல்லாருக்கு. ஆனால் போன மாதம் கீழக்கொல்லையில் வேனில் ஏறியவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் வேன் டிரைவரின் மாமனார்.

டிலக்ஷனா படிவக் கட்டைப் பாண்டித்துரையின் மேஜையில் வைத்தாள். ராமநாதபுரத்தில் அவர் நடத்தும் மக்கள் தொடர்பு நிறுவனத்தில் அவள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். ஒரு தனியார் கண் மருத்துவமனையின் இலவச வேனுக்கு ஆள் வரவைப்பதுதான் இப்போதைய வேலை. வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வராவிட்டால் மருத்துவமனை வேறு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளும். அவளும் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

“எல்லாரும் நல்லாருக்குன்னுதானம்மா சொல்றாக? மைக் சத்தம் பத்தல. ரெண்டு ஆட்டோ விடுவோம்” என்றார் பாண்டித்துரை.

“பாய் விரிச்சு, தண்ணி குடுத்து இருத்தின சனம் சார். பஸ் ஏறி வந்த பிள்ளைக்கிட்ட குறை சொல்லுமா? மரியாதைக்குப் பொய் சொல்லியிருக்கு.”

“பின்ன எப்படி உண்மைய வாங்குவ?”

“இன்னும் ஒரு நாள் தாங்கோ.”

மறுநாள் படிவம் எதுவும் எடுக்காமல் முதுகுளத்தூர் பக்கம் பஸ் ஏறினாள். கீழக்கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த சேதுலட்சுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கீழக்கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை; பக்கத்து ஊரைப் பற்றித்தான் கேட்டாள்.

“அக்கா, மேலக்கொல்லை ஆக்கள் ஏன் வேனுக்கு வரேல்ல?”

சேதுலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மிளகாயை விட்டுவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

“அவுகளா? அந்தக் கதையக் கேளு தாயி. அங்கன வேனை எங்க நிப்பாட்டுறாக? பெரிய வீட்டு வாசல்ல. அதுல போயி ஏறுனா அவரு ஆளுன்னு ஆயிரும். எதிர்க்கட்சிக்காரன் கண்ணு அவிஞ்சாலும் ஏறுவானா? கூறுகெட்டவுக.”

மேலக்கொல்லைக்குப் போய்க் கீழக்கொல்லையைப் பற்றிக் கேட்டாள். அதே கதை, காரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். வாசலும் வேறு. இங்கே சொல்லப்பட்டது கீழக்கொல்லைப் பெரியதனம் உக்கிரபாண்டியின் வாசல்.

யார் வாசலும் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த கால்நடை மருந்தகம். வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஆடுகளுக்கு ஊசி. எந்தக் கட்சி ஆடானாலும் ஒரே வரிசை.

“ஆட்டாஸ்பத்திரியிலயா? ஆஸ்பத்திரிக்காரன் என்னைய வெட்டிப்புடுவான்மா” என்று பாண்டித்துரை அலறினார். அனுமதி கேட்டு மருந்தகத்துக்குப் போன் போட்டதும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது. மேலக்கொல்லைக்காரர் வேனில் ஏற, அவருடைய கிடாயைக் கீழக்கொல்லைக்காரர் பிடித்துக்கொண்டார். கண் பரிசோதனை அட்டையின் பெரிய எழுத்தைக்கூடப் படிக்கத் திணறியவரை வரிசையே சேர்ந்து கேலி செய்தது. ஒரு கிடாய் பேனரில் மருத்துவமனையின் பெயரைப் பாதிவரை தின்றுவிட்டது. பாண்டித்துரை முதலில் தலையில் கைவைத்தார். பிறகு அதையும் போட்டோ எடுத்தார்.

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரி மீட்டிங்குக்கு நீயும் வா. நீயே பேசு. என்னால இதை விளக்க முடியாது” என்றார் டிலக்ஷனாவிடம்.

பதினோரு மணிக்கு உக்கிரபாண்டியே வந்தார். வெளுத்த வேட்டி. கையில் ஒரு வெள்ளாட்டின் கயிறு.

“வாங்கய்யா, கண் பாக்கவோ?” என்று டிலக்ஷனா கேட்டாள்.

“கண்ணா? எனக்கென்ன கேடு? ஆட்டுக்குத்தான் சொகமில்ல. இங்கன வேன் வேற நிக்குதாக்கும்? சரி, வந்தது வந்தாச்சு.”

வரிசையில் முன்னால் நின்ற சேதுலட்சுமி திரும்பினாள்.

“ஏண்ணே, அது எங்க வீட்டு ஆடுல்ல?”

வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. உக்கிரபாண்டி ஆட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பாத்தியா, கண்ணு எம்புட்டு மோசமாப் போச்சுன்னு” என்று கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, மேலக்கொல்லைக்காரர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். டிலக்ஷனா அவர் பெயரை அறுபத்து மூன்றாவதாக எழுதினாள்.