ஐம்பதாயிரம் மொய்

கண்டாச்சிபுரம் தனம் செய்த காரியத்தைக் கேட்டுச் சிரிக்காதவன் மனுஷனே இல்லை. சினிமா கம்பெனியில் பங்கு போடப் போகிறேன் என்று திண்டிவனம் போனவள், மொய் எழுதிவிட்டு வந்தாள்!

அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு ஒரு மண்டபத்தில் கல்யாண சீன் ஷூட்டிங். வாசலில் வாழைமரம், உள்ளே பந்தி, மேஜை போட்டு மொய் நோட்டோடு ஒருவன். மேஜையும் நோட்டும் இருந்தால் பணத்தை அங்கேதானே கட்டத் தோன்றும்? மல்லாட்டை மகசூலை விற்ற ஐம்பதாயிரத்தை நீட்டிவிட்டாள். நடிக்க வந்த புண்ணியவானும் எண்ணி வாங்கி, பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டான். கம்பெனி முதலாளி இளவழகன் சிரித்தான். "எல்லாம் ஒண்ணுதாங்க்கா, சாப்ட்டுட்டுப் போங்க" என்று பணத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டான். தனமும் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. கணக்குக் கேட்கப் பங்கு போட்டவர்கள் எல்லாரும் அதே மண்டபத்தில் கூடினார்கள். தனமும் வந்திருந்தாள்; மகள் காதுகுத்துக்கென்று வைத்திருந்த பணம் அது.

மருந்துக்கடை அடைக்கலராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்ரிமென்டைப் படித்தார். "மொதல்ல பைனான்சியருக்கு அசலும் வட்டியும். அப்புறம் தியேட்டர்காரன். அப்புறம் விளம்பரச் செலவு. மிச்சம் இருந்தா நமக்கு. மிச்சம் எவ்ளோ தம்பி?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றான் இளவழகன். "எல்லாம் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"கடைசிப் பந்தியில குந்த வச்சிட்டு எலையே இல்லன்றான்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அடைக்கலராஜ்.

தனம் எழுந்தாள். "என் பணம்?"

"உங்ககிட்ட அக்ரிமென்டே இல்லியேக்கா. நீங்க பங்குதாரரே கெடையாது. நீங்க எழுதனது மொய்யி."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. தனத்துக்கு அழுகை முட்டியது. அட பாவி, வயிறெரிகிறதே! முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மொய்யா? நீயே சொல்லிட்ட. அப்ப சரி. வர்ற வெள்ளிக்கெழம எங்க வூட்ல காதுகுத்து. வந்து திருப்பி வச்சிட்டுப் போ."

சிரிப்பு அடங்கியது. பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த இளவழகனின் அம்மா செந்தாமரை கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"டேய்! ஊரான் மொய்யத் துன்னுட்டு நிக்கிறியா? நாளைக்கு உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எவன்டா நம்ம வாசப்படி மிதிப்பான்?"

படம் ஓடவில்லை என்று பங்குதாரரிடம் கையை விரிக்கலாம். பெற்றவளிடம் விரிக்க முடியுமா?

"அந்த நோட்டு இன்னும் இருக்குதா தம்பி?" என்று மெல்லக் கேட்டார் அடைக்கலராஜ். "எங்க பேரையும் அதுல ஏத்திக்கினா நல்லாருக்கும்."

வெள்ளிக்கிழமை செந்தாமரை மகனை முன்னால் விட்டு, பின்னாலேயே வந்தாள். வாங்கிய மொய்யை வாங்கியபடியே வைப்பது மரியாதை இல்லை என்று, அவன் பைக்கை விற்ற பணத்தின்மேல் ஒரு நாணயத்தையும் வைக்கச் சொன்னாள்.

அந்தப் படத்தில் லாபம் பார்த்தவள் தனம் ஒருத்திதான். ஒரு ரூபாய்.