படத்துக்குப் பாத பூஜை

அன்னையர் தினம் மே மாதம் கோடை விடுமுறையில் வருகிறது. கே.கே. நகரிலிருந்த அந்தத் தனியார் பள்ளியால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும். அதனால் தாய்மாரை மார்ச்சிலேயே மதித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். மேடையில் பிள்ளைகள் அம்மாக்களின் காலைக் கழுவிப் பூப்போடுவார்கள் என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள்.

எட்டாம் வகுப்பு திவ்யாவுக்கு அம்மா இல்லை. அவள் பதினான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது பாண்டிமீனா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அப்பா திருப்பூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளையை வண்டியூருக்குத் தூக்கி வந்து வளர்த்தவள் பாண்டிமீனாவின் அக்கா ஒச்சாயி. பிள்ளை பெறவில்லை என்று புருஷன் அனுப்பிவிட்ட ஒச்சாயி ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். தினமும் காலையில் அதே பள்ளிக்குத்தான் பிள்ளைகளை ஏற்றிப் போனாள்.

ஒருநாள் தாளாளரின் மனைவி தமிழ்வாணி வாசலில் அவளை நிறுத்தினாள்.

"திவ்யா பூஜை ஃபார்ம்ல அம்மாங்கிற இடத்துல உங்க பேர எழுதியிருக்கா. அது சரிப்படாதும்மா."

"நான்தானங்க வளத்தேன்."

"இல்லேங்கல. ஆனா இது பெத்தவங்களுக்கான பூஜை. பிள்ளை பெறாதவங்க பக்கத்துல உக்காந்தா மத்த அம்மாமாருக்குச் சங்கடமா இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க அம்மா போட்டோவக் குடுத்துவிடுங்க. சேர்ல வச்சிருவோம். பாக்கவே உருக்கமா இருக்கும்."

ஒச்சாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். உருக்கமாம்.

"என் தங்கச்சி படம் கழுத்தோட நிக்குது. கால எங்கிட்டுப் போயித் தேடுறது?"

"எல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தாம்மா."

விஷயம் தெரிந்ததும் திவ்யா போக மாட்டேன் என்றாள். "என் கால எனக்குக் கழுவத் தெரியாதா? அதுக்கு மேடை வேற கேக்குதாக்கும்," என்றாள் ஒச்சாயி. ஆனாலும் செத்துப்போன தங்கைக்கு நடக்கவிருக்கும் மரியாதையைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. படத்தைத் துடைத்துத் தானே கொடுத்தனுப்பினாள்.

விழாவன்று ஒச்சாயி கடைசியில் ஆட்டோக்காரர்களோடு நின்றாள். மேடையில் பட்டுச்சேலைகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். மகன் கழுவி முடித்த காலை ஒரு தாய் மறுபடி தாம்பாளத்தில் வைத்து, "இன்னொருக்கக் கழுவுடா, வீடியோ சரியா விழல," என்றாள்.

திவ்யாவின் முறை வந்ததும் சோக வயலின் ஒலித்தது. மைக் பிடித்தவர் "தாயில்லாப் பிள்ளை" என்று குரலை உடைத்தார். கூட்டம் கைக்குட்டையையும் போனையும் ஒன்றாக எடுத்தது. திவ்யா தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் செம்போடு நின்றாள்.

"இந்தப் பக்கம் திரும்பு பாப்பா. லேசா அழு," என்றார் போட்டோக்காரர்.

அந்த நேரத்தில் தமிழ்வாணி வேகமாக ஒச்சாயியிடம் வந்தாள். "ஒரு டாக்டரம்மா வரல. அந்த சேர்ல நீங்க உக்காந்துக்கங்க. வரிசை ஓட்டையாத் தெரியுது."

ஒச்சாயிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"பிள்ளை பெறாத காலு இப்ப மட்டும் ஆகுமாக்கும்? ஓட்டைய அடைக்கணும்னா ஒரு சாக்க வச்சு அடைங்க. நான் மனுஷி."

வயலினை மீறி அது முன்வரிசை வரைக்கும் கேட்டது. அவள் நேரே மேடையேறி, நாற்காலியிலிருந்த படத்தை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "வாடி," என்றாள். திவ்யா செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

ஆட்டோ தெப்பக்குளத்தைத் தாண்டியது. அதன்பிறகு திவ்யா, "எனக்கு அழுகையே வரல பெரியம்மா. அவருதான் அழச் சொன்னாரு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ஒச்சாயி வண்டியை ஓரங்கட்டி, அவள் ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளியின் ஃபேஸ்புக்கில் அந்தப் படம் வந்தது. செம்போடு திவ்யா, நாற்காலியில் பாண்டிமீனா. மேலே, 'தாயில்லாத் தளிருக்குத் தாயாக நிற்கும் எங்கள் பள்ளி.'

ஒச்சாயி ஆபீசுக்குள் போனாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"திவ்யாவுக்கு டெங்கு வந்தப்ப பதினோரு நாளு ஆஸ்பத்திரித் தரையில கெடந்தேன். உங்க பள்ளிக்கூடம் அன்னைக்கி எந்தக் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு? படத்த எடுங்க. என் தங்கச்சி உங்க விளம்பரத்துக்காகச் சாகல."

தமிழ்வாணி முகம் சிவந்து எழுந்தாள். "கோவப்படாதீங்கம்மா. அடுத்த வருஷம் வளத்தவங்களையும் சேத்துக்கிருவோம். உங்களுக்கு முதல் சால்வை போடுறோம்."

"அத நீங்களே போத்திக்கங்க. ஏசி ரூமு, குளிரும்."

மத்தியானத்துக்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்திடம் ஒச்சாயி அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஜூனில் திவ்யாவை அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தாள்.

மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்போதும் கே.கே. நகர் போகிறாள். தமிழ்வாணி எதிர்ப்பட்டால் சிரிக்கிறாள். ஒச்சாயி எஞ்சினை அணைப்பதில்லை. கடைசிப் பிள்ளை இறங்கியதும் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.