ஒன்றும் இல்லாத பாட்டு

கிறிஸ்டினாவுக்கு ஒரு குணம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் ஏதாவது ஒரு பெட்டி குதித்து வந்து 'சரியா, வேண்டாமா?' என்று கேட்டால் மற்றவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். அவள் 'சரி'யை அமுக்கிவிடுவாள். வேண்டாம் என்று சொல்வதற்கா இவ்வளவு படித்தோம் என்பது அவள் கட்சி. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் அவளுக்கு வேலை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிய வேண்டும். ஆனால் அவளைக் கேட்டால், தையல் கூடத்தில் இருக்கும் இருநூறு பெண்களுக்குப் பாட்டுப் போடுவதுதான் தன் வேலை என்றும், மற்றதெல்லாம் சம்பளத்துக்காகச் செய்வது என்றும் சொல்வாள்.

அவள் சேர்வதற்கு முன்பு கூடத்தில் சைரன் இருந்தது. அது அலறும்போதெல்லாம் யாராவது ஒருத்தி திடுக்கிட்டு ஊசியை விரலிலேயே இறக்கிக்கொள்வாள். தையல் மெஷின் ஊசி விரலில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று இறங்கியவர்களைக் கேட்டால்தான் தெரியும். கிறிஸ்டினா வந்த முதல் வருடமே மேனேஜர் ஞானசீலனை விடாமல் நச்சரித்து, சைரனைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட வைத்தாள். கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கும், அங்கிருந்து கூடத்து ஸ்பீக்கர்களுக்கும் கம்பி இழுத்தாள். காலையில் மூன்று மதத்துக்கும் ஆளுக்கொரு பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, சாயங்காலம் கண் சொருகும் நேரத்துக்குக் குத்துப் பாட்டு. வரிசை அவள் போட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த வரிசையின் நடுவில் பாட்டே இல்லாத ஒன்றும் இருந்தது. பன்னிரண்டரைக்குப் பக்கத்து மசூதியில் பாங்கு சொல்வார்கள். அந்த நேரத்தில் அதன் மேல் சினிமாப் பாட்டு ஓடக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய ஊரும் அல்ல இது. சத்தமே பதியாத மூன்று நிமிட ஃபைல் ஒன்றை அவளே செய்து அந்த இடத்தில் செருகிவிட்டாள். பாட்டு நின்றதும் மெஷின்கள் நிற்கும். பாங்கு கேட்கும். அது முடிந்ததும் எல்லோரும் கை கழுவப் போவார்கள். சுவர்க் கடிகாரம் தோல் தூசி ஏறி நின்றுபோனபோது அதை யாரும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. பாட்டு நின்றால் சோறு என்று ஆகிவிட்டது. சூப்பர்வைசர்களும் கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

இப்படி ஆறு வருடம் ஓடியது. 2008 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, பாட்டு சாப்ட்வேர் திரையில் ஒரு பெட்டியை நீட்டி, புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டது. கிறிஸ்டினா வழக்கம்போல 'சரி'யை அமுக்கினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நொடியில்தான். ஆனால் ஓணான் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இனி பாட்டை கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்க வேண்டாம், இன்டர்நெட்டிலிருந்தே நேராக வரும். எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது வந்து அதன் மேல் படியும், நடுவில் இடைவெளியே இருக்காது. சேதமான ஃபைல்களை அதுவே பார்த்துக் களைந்துவிடுமாம். நல்லதுதானே என்று அவள் நினைத்தாள்.

காலை முழுக்கப் புதுப் படப் பாட்டாக வந்தது. முதல் லைனில் இருந்த கேத்தரின், வயது இருபதுகூட ஆகவில்லை, டைம் ஆபீஸ் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கட்டிங் பிரிவுப் பெருமாளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பிரைவேட் பஸ்ஸில் ஏறின மாதிரி இருக்கிறது, பாட்டு மூச்சு விடவே மாட்டேன் என்கிறது என்றார். கிறிஸ்டினா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தே முக்காலுக்கு இன்டர்நெட் போயிற்று. பாட்டு பாதியில் நின்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிறிஸ்டினா தலையை நிமிர்த்திப் பார்த்தபோது கூடம் முழுவதும் எழுந்து நின்றது. இருநூறு மெஷின்களும் நின்றுவிட்டன. பாங்கு கேட்கவில்லையே என்று ஓரிருவர் யோசித்திருக்கலாம்; மசூதியில் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். குழாயடியில் வரிசை நின்றது. டப்பா மூடிகள் திறந்தன. மேனேஜர் ஞானசீலன் தன் அறையில் கேரியரைப் பிரித்து, இட்லியைப் பிட்டு வாயில் போட்ட பிறகுதான் வாட்சைப் பார்த்தார். தானும் ஏமாந்தது தெரிந்ததும் அவர் கோபம் இரண்டு மடங்காயிற்று. கூடத்துக்கு ஓடி வந்து, வாயில் இட்லியோடு, அத்தனை பேரையும் பாதிச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி மறுபடி மெஷினில் உட்கார வைத்தார்.

அதோடு போயிற்றா? பன்னிரண்டரைக்கு நிற்க வேண்டிய பாட்டு நிற்கவில்லை. அந்த மூன்று நிமிட வெற்று ஃபைலைச் சேதம் என்று சொல்லிப் புதிய பதிப்பு தூக்கி எறிந்திருந்தது. பாங்கின் மேலேயே ஒரு டூயட் ஓடியது. காலையில் வாங்கிய திட்டில், நேரம் தெரிந்தவர்கள்கூட எழுந்திருக்கப் பயந்தார்கள். கிறிஸ்டினா அப்போது பேங்குக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து ஓடிப் போய் நிறுத்தும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அவளை யாரும் திட்டவில்லை. இரண்டாவது லைனில் மூத்தவளான பில்கிஸ் மட்டும், அவளைப் பார்க்காமலே எழுந்து கை கழுவப் போனாள். தினமும் ஒரு வாய் ஊட்டிவிடாத குறையாகப் பேசுகிறவள் முகம் திருப்பிப் போனது கிறிஸ்டினாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

சாயங்காலம் ஞானசீலன் கூப்பிட்டனுப்பினார். வியாழக்கிழமை நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் வருகிறார்கள், தொழிலாளர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார்.

"இன்னொரு தபா இந்த மாதிரி பேஜார் ஆச்சுன்னா, பாட்டும் வேணாம், பொட்டியும் வேணாம். ஸ்டோர்லேர்ந்து சைரன எடுத்து மாட்டிடுவேன். புரிதா?"

"ஆகாது சார். நான் பாத்துக்கறேன்," என்றாள் கிறிஸ்டினா. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அது அவளைத் தடுத்ததும் இல்லை.

வெற்று ஃபைலை மறுபடி செய்து செருகினாள், சாப்ட்வேர் துப்பியது. பெயரை மாற்றிச் செருகினாள், மறுபடி துப்பியது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், புதியது பழையதை முழுக்க விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. இந்த சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் குறைநிறைகளை எழுதும் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் உலகமே அங்கே அழுதுகொண்டும் கும்மியடித்துக்கொண்டும் இருந்தது. ஒருத்தர் தன் பாட்டெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார். இன்னொருத்தர் இடைவெளியை ஒழித்ததற்காகக் கம்பெனியை வாழ்த்தியிருந்தார். எனக்கு மூன்று நிமிடம் சத்தமில்லாமல் வேண்டும், எப்படி வைப்பது என்று தன் இங்கிலீஷில் கேட்டு எழுதினாள். எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். உங்கள் அனுபவம் மேம்பட வேண்டும் என்றுதான் வெற்றுப் பதிவுகளைச் சுத்தம் செய்தோம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது.

சுத்தம் செய்தார்களாமே என்று அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. என் ஊரில் என்ன குப்பை இருந்தது என்று இவர்கள் துடைக்க வந்தார்கள்? இதையும் இங்கிலீஷில் எழுதலாம் என்று பார்த்தாள். கோபத்துக்கு ஈடாக இங்கிலீஷ் வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தை அவள் ஓடிப் போய் மைக்கில் அறிவித்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக இரண்டாவது லைனுக்குப் போய், பில்கிஸுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நேற்றையது தன் தவறு என்று சொன்னாள். தெரியும் என்றாள் பில்கிஸ். தன் டப்பாவிலிருந்த கீமாவில் பாதியை எடுத்து அவள் சாதத்தின் மேல் வைத்தாள். அத்தோடு அந்த விஷயம் தீர்ந்தது.

எந்தெந்தப் பாட்டு போய்விட்டது, எதையெல்லாம் திரும்பப் போட வேண்டும் என்று கிறிஸ்டினா விசாரித்தாள். தன் வரிசை போனதில் அவர்களுக்கு உயிரே போயிருக்கும் என்பது அவள் எண்ணம். பில்கிஸ், பக்கத்தில் இருந்த ரங்கம்மாளைப் பார்த்தாள். ரங்கம்மாள், அன்னம்மாளைப் பார்த்தாள்.

"பாட்டு எதுனா போடும்மா. எது போட்டா இன்னா?" என்றாள் பில்கிஸ். "அந்த மூணு நிமிசத்த மட்டும் குடுத்துடு. பாட்டு கம்பெனிக்கு. மெஷினு கம்பெனிக்கு. அந்த மூணு நிமிசம்தான் எங்களுக்கு. நான் துவா கேப்பேன். அன்னம்மா சிலுவை போட்டுக்கும். இந்த ரங்கம்மா இடுப்ப நிமித்தி, அப்பாடான்னு ஒண்ணு சொல்லும். நாள் முழுக்க எங்க காதுல விழுற எங்க சத்தம் அது ஒண்ணுதான்."

கிறிஸ்டினா கையில் எடுத்த கீமாவைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள். ஆறு வருடம் யோசித்து யோசித்துப் பாட்டுப் போட்டிருக்கிறாள். அதில் இவர்களுக்குப் பிடித்தது அவள் ஒன்றுமே போடாத இடம். உண்மையாகவே வலித்தது. பிறகு சிரிப்பு வந்தது.

"நல்லா இருக்குக்கா உங்க நியாயம்," என்றாள். "சரி. அதையே குடுக்கறேன்."

யோசனை அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது வந்தது. வெற்றாக இருப்பதுதானே அந்தச் சனியனுக்குப் பிடிக்கவில்லை? வெற்றாக இல்லாத அமைதியைக் கொடுத்தால் என்ன செய்யும்? புதன்கிழமை பாங்கு முடிந்து, மெஷின்கள் நின்றிருந்த நேரத்தில் கூடத்தின் நடுவில் செல்போனை நீட்டிப் பதிவு செய்தாள். ஃபேன் சுற்றும் சத்தம், குழாய்த் தண்ணீர், யாரோ இருமியது, டப்பா மூடி ஒன்று திறந்தது. சாப்ட்வேர் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பாடியவர் யார் என்றுகூடக் கேட்டது. 'பில்கிஸ் குழுவினர்' என்று தட்டினாள். மற்ற பாட்டுகளையும் கம்ப்யூட்டரிலேயே இறக்கிக்கொண்டு இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கி வைத்தாள். நாளைக்கு எந்த வட்டமும் சுற்றாது.

வியாழக்கிழமை பையரின் ஆட்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் இரண்டு பேரும். ஞானசீலன் டை கட்டியிருந்தார். பன்னிரண்டரைக்குச் சரியாக அவர்கள் கூடத்தின் நடுவில் நின்றபோது, பாட்டு தேய்ந்து, பில்கிஸ் குழுவினர் ஆரம்பித்தார்கள். ஆறு ஸ்பீக்கரிலும் பெரிதாக ஒரு இருமல் கேட்டது. பிறகு யாரோ டப்பாவைத் திறந்தார்கள். அண்டா மூடி விழுந்த மாதிரி இருந்தது.

ஒரு மெஷினும் நிற்கவில்லை. யார் அதற்குள் டப்பாவைத் திறந்தது என்று பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தைத்தார்கள். கேத்தரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கிறிஸ்டினாவுக்குப் புரிந்துவிட்டது. பதிந்து போட்டால் அதுவும் சத்தம்தான். ஞானசீலன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் சைரன் முழுசாகத் தெரிந்தது. தூரத்தில் பாங்கு ஆரம்பித்திருக்கும், எதுவும் கேட்கவில்லை.

கிறிஸ்டினா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரின் குமிழைப் பிடித்து, அணையும் வரை திருகினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முதல் லைன் நின்றது. இரண்டாவது நின்றது. கடைசி மெஷின் ஓய்ந்ததும் பாங்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ரங்கம்மாள் இடுப்பை நிமிர்த்தினாள். என்ன ஆயிற்று என்று வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டார். சாப்பாட்டு நேரம் என்றார் ஞானசீலன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். பெண்மணி தன் வாட்சைப் பார்த்தார். நேரத்துக்குச் சாப்பிட விடுகிறீர்களே, நாங்கள் பார்க்க வந்ததில் இதுதான் முதல் கேள்வி என்று சொல்லித் தலையாட்டினார். இங்கே எப்போதும் இப்படித்தான் மேடம் என்றார் ஞானசீலன். திங்கட்கிழமை இட்லி அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

கிறிஸ்டினா டைம் ஆபீஸ் வாசலில் நின்றாள். ஆறு வருடமாக இந்த மூன்று நிமிடமும் அவள் உள்ளே உட்கார்ந்து அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்குத் தேட ஒன்றும் இல்லை. பாங்கின் கடைசி வார்த்தை நீண்டு அடங்குவது கேட்டது. அதற்குப் பிறகு இருநூறு பேர் ஒன்றும் பேசாமல் இருப்பது கேட்டது. அவளும் தன் பங்குக்குக் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டாள். நாளையிலிருந்து பன்னிரண்டரைக்கு எந்த சாப்ட்வேரும் வேண்டாம், தன் கையே போதும் என்று முடிவு செய்தாள்.

அன்று குமிழை அவள் உடனே திருப்பவில்லை. சாப்பாடு முடிந்து, கை கழுவி, எல்லோரும் மெஷினில் வந்து உட்கார்ந்தும் பாட்டு வரவில்லை. கேத்தரின்தான் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, பாட்டு எங்கக்கா? பில்கிஸ்க்கா கேக்குறாங்க."

"எந்த பில்கிஸ்க்கா? எது போட்டா இன்னான்னாங்களே, அவங்களா?"

இரண்டாவது லைனில் பில்கிஸ் தலையைக் குனிந்து தோலைச் சரிசெய்வதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கிறிஸ்டினா குமிழைத் திருகினாள்.