அழகுத்தாய்க்கு முளைத்த கொம்பு

அழகுத்தாய்க்குக் கொம்பு எப்படி முளைத்தது என்பதுதான் நாகஜோதிக்குப் பிடிபடவில்லை.

அழகுத்தாய், நாகஜோதியின் அப்பா இருளப்பசாமிக்கு அப்பத்தா. அவள் இறந்தபோது அவள் புருசன் கட்டிய ஒப்பாரி, தகரப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய கையெழுத்துப் புத்தகம் ஒன்றில் இருந்தது. கெட்டித் தாள், பழுப்பேறிய மை, முதுகில் சணல் தையல். இழவு வீடுகளில் கேட்ட நல்ல பாட்டையெல்லாம் அந்த மனிதர் அதில் எழுதி வைத்திருந்தார். தாமே கட்டியதையும் சேர்த்திருந்தார். ஊர் நாட்டாமைக்கு ஒன்று, உழவு மாட்டுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. பெண்டாட்டியின் பாட்டு இப்படித் தொடங்கியது:

மானாவாரிக் காட்டுக்குள்ள
மழைமுகமா வந்தவளே
கம்பு வெளைஞ்ச பூமியிலே
கால்கடுக்க நின்னவளே

அதோடு அந்த ஏடு முடிந்தது. அடுத்த ஏட்டில்:

கொம்பு ரெண்டும் சீவிவிட்டுக்
குஞ்சம் கட்டி நிறுத்தலையோ
வாலை முறுக்கி ஓட்டினாலும்
வழிமாறிப் போகலையே

நாகஜோதிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அவள் அம்மா மாயக்காள் இறந்து வருசம் திரும்பப் போகிறது. அம்மாவைத் தூக்கிப் போன அன்றைக்கு இருளப்பசாமி ஒரு சொல் பேசவில்லை, அழவுமில்லை. ஊர் அதைக் கவனித்தது, பேசவும் செய்தது. வருசாந்திக்கு அடிக்கிற நினைவு நோட்டீஸில் தாத்தன் பாட்டைப் போட வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. அவரு சொன்னதுல எனக்கும் பாதி இருக்கும்" என்றார். அப்பா அவளிடம் கேட்டு வாங்கிய முதல் காரியம் அது.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமா வீரபத்திரன் வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. பாளையம்பட்டியில் சிமெண்டுக் கடை. புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"என்ன மச்சான், எங்கக்காவுக்குக் கொம்பு சீவிக் குஞ்சம் கட்டியிருக்கீக?"

"அது அக்காவுக்கு எழுதுனது இல்ல மாப்ளே. எங்க அப்பத்தாவுக்கு."

"அப்ப உங்க வம்சத்துக்கே பொண்டாட்டின்னா மாடுதான்னு சொல்லுங்க. எங்க வீட்டுல யோசிக்காமப் பொண்ணு குடுத்துட்டோம்."

"மாமா, சும்மா இருங்க" என்றாள் நாகஜோதி.

"சும்மா இருக்கேன் தாயி. ஆனா இதை அச்சடிச்சு ஊருக்குக் குடுத்தா நான் வாசல்ல கால் வைக்க மாட்டேன். தாய்மாமன் இல்லாம நீங்களே படையல் போட்டுக்கங்க." காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

இருளப்பசாமி புத்தகத்தை மூடினார். "விடும்மா. பேரும் தேதியும் மட்டும் போட்டுக்குவோம்."

விடுவதற்கு நாகஜோதியால் முடியாது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. எதனால் அறுந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பவள். பெண்டாட்டிக்காக உருகுகிற மனுசன் நாலு வரிக்குள் மாட்டுக்குத் தாவ மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் விடுமுறை. புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். மாட்டின் பாட்டுக்குத் தனியே ஒரு தொடக்கம் இருந்தது, அது வேறெங்கோ பின்னால். அந்த ஏடு முடிந்து அடுத்த ஏட்டுக்குப் போனால், மாடு பத்து ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்துப் பேசியது. ஆக, நாட்டாமையின் பாட்டும் இடம் மாறிக் கிடந்தது. ஏடுகள் கிழிந்து போயிருக்குமோ என்று தையலோரம் விரலால் தடவிப் பார்த்தாள். கிழிந்த தடம் ஒன்றுமில்லை.

பிறகு ஒன்றைக் கவனித்தாள். ஒரே ஏட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் பாட்டு தடங்கலில்லாமல் போனது. அடுத்த ஏட்டுக்குத் தாண்டும்போதுதான் ஆள் மாறியது. கடைசி இரண்டு ஏடுகளுக்கு நடுவில் மட்டும் அந்தத் தடங்கலும் இல்லை. ஆக, எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். எழுதிய பிறகுதான் எதுவோ நடந்திருக்கிறது.

புத்தகத்தைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்தாள். ஓரம் சமமாக இல்லை. முதல் ஏடுகள் அகலம். பின்னால் போகப் போகக் குறுகிக்கொண்டே வந்தன. எலி கடித்ததென்றால் இப்படி ஒழுங்காக இருக்காது. இரண்டு ஏட்டுக்கு ஒரு படி, சின்னச் சின்னப் படியாக இறங்கி, முதலுக்கும் கடைசிக்கும் ஒரு நெல் நீளம் வித்தியாசம்.

"அப்பா, இதைத் தச்சது யாரு?"

"அவரு தச்ச நூலு எப்பவோ இத்துப் போச்சு. கரையான் வேற. நம்ம சோலைச்சாமிதான் எடுத்துத் தட்டித் தச்சுக் குடுத்தான். அதுக்கப்புறம் யாரு பிரிச்சா?"

சோலைச்சாமி அவளுக்குச் சித்தப்பா முறை. அருப்புக்கோட்டையில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். போன் போட்டாள்.

"சித்தப்பா, ஒப்பாரிப் புத்தகத்தைத் தச்சீகளே, எப்படித் தச்சீக?"

"ஏன், பிரிஞ்சு போச்சா? என் தையலு பிரியாதே."

"பிரியல. பக்கம் மாறியிருக்கு."

"நான் ஒண்ணையும் மாத்தல தாயி. மேல இருந்து ஒவ்வொரு தாளா உருவுனேன். மண்ணைத் தட்டுனேன். மடிப்பு மாறாம மடிச்சேன். எடுத்த வரிசையிலேயே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தச்சேன். சேலையை எப்படி அடுக்குவோம், அப்படி. ஆயுசு பூராம் அடுக்குன கை, தப்பாப் போகுமா?"

"உருவுறப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்துச்சா?"



"இருந்துச்சு" என்றார் சோலைச்சாமி. "எனக்குப் படிக்கத் தெரியாதே தாயி."

நாகஜோதி பழைய காலண்டர் தாள்கள் சிலவற்றை எடுத்தாள். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து இரண்டு ஏடாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினாள். உள்ளே போன தாள்கள் வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றன. வெளித்தாள் மற்றவற்றின் கனத்தையெல்லாம் சுற்றி வளைய வேண்டியிருப்பதால் அதன் ஓரம் பின்வாங்குகிறது. துருத்தியதைக் கத்தரியால் சமமாக வெட்டினாள். இப்போது உள்தாள்கள்தான் அதிகம் வெட்டுப்பட்டன. பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓரத்தில் அதே படி இறங்கியது.

அப்பாவைக் கேட்டுக்கொண்டுதான் சணலை அறுத்தாள். மடியில் வைத்து ஒவ்வொரு தாளையும் அதற்கு முந்தியதன் உள்ளே செருகினாள். கடைசித் தாள் நடுவில் போய் உட்கார்ந்தபோது, கலைந்திருந்த ஓரம் வெட்டிவைத்த மாதிரி சமமானது. தொடக்கத்தைத் தேடித் திருப்பினாள்.

கால்கடுக்க நின்னவளே என்பதற்கு அடுத்த ஏட்டில் கொம்பு இல்லை:

நீ பிடிச்ச களைகொத்திய
நெஞ்சோட சேத்துவச்சேன்
உன் விரலு தேஞ்ச பள்ளத்துல
என் விரல வச்சுப் பாத்தேன்

இருளப்பசாமி அதை வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீரபத்திரனுக்கு அவரே போன் போட்டுப் படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் கேலி வரவில்லை. "இதைப் போடுங்க மச்சான்" என்றார் வீரபத்திரன். "எங்கக்கா கைக்கும் சரியாத்தான் இருக்கு. அந்த மாடு எங்கிட்டுப் போச்சு?"

"அது அதோட எடத்துல நிக்கிது. இரு, புள்ள சொல்லும்."

நாகஜோதி போனை வாங்கினாள்.

"ஒண்ணுமில்ல மாமா. எல்லாத் தாளையும் மடிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சு எழுதுன புத்தகம் அது. சித்தப்பா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தச்சுட்டாக. அதனால ஒரு தாளோட முன்பாதி முடிஞ்சதுமே, கடைசியில வரவேண்டிய பின்பாதி வந்துருச்சு. தையலைப் பிரிச்சு, ஒவ்வொரு தாளையும் முந்துன தாளுக்குள்ள செருகி, நடுமடிப்புல மறுபடி தைக்கணும். அவ்வளவுதான்."