குளத்தில் மீன் இருந்ததற்கு இரண்டு சாட்சிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு நகராட்சிப் படிவத்தோடு வந்தது. கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், வார்க்லா நகருக்குத் தெற்கே ஐன் ஸுகார் என்ற ஊரில் எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன் நான். விரிசல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காததற்குப் போட்டதே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை லஸ்ஹர் வந்து அந்தப் படிவத்தை என் மேசையில் வைத்தான். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "விருந்தினர் வருகை தந்த நாளில் லஸ்ஹர் பூஸித்தின் குளத்தில் உயிருள்ள மீன் இருந்ததைக் கண்ணால் கண்டோம்." கீழே இரண்டு புள்ளிக்கோடுகள்.

"அன்னைக்கு நான் ஊர்லயே இல்லையேப்பா. வார்க்லாவுல பல்லு பிடுங்கிட்டிருந்தேன்."

"அதனாலதாண்ணே உங்ககிட்ட வந்தேன். ஊர்ல மத்த எல்லாரும் செத்த மீனைப் பாத்துட்டாங்க."

2

தொடக்கம் ஒன்று: எண்ணெய் விலை சரிந்த அந்த வருடத்தில், பாலைவனம் தன் மணலைத் தானே கைநிறைய அள்ளிப் பார்த்து—

பாலைவனத்துக்குக் கை கிடையாது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியை எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஈட்டும் ஒரு வட ஆப்பிரிக்க நாடு தன் பொருளாதாரத்தைப் பன்முகப்படுத்த முனைகையில் எதிர்கொள்ளும் கட்டமைப்புச் சிக்கல்களுள் முதன்மையானது யாதெனில்—

நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.

தொடக்கம் மூன்று: லஸ்ஹர் சஹாராவில் மீன் வளர்த்தான்.

இது போதும். மேலே போகலாம்.

3

லஸ்ஹருக்கு நாற்பத்து நான்கு வயது. எண்ணெய் முகாமின் சமையற்கூடத்தில் பதினைந்து வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். விலை சரிந்தபோது முகாமில் முதலில் இனிப்பைக் குறைத்தார்கள், அப்புறம் இறைச்சியை, அப்புறம் லஸ்ஹரை. எண்ணெயை நம்பியது போதும், வேறு தொழிலுக்கு வாருங்கள் என்று தொலைக்காட்சியில் தினமும் கூவிக்கொண்டிருந்தார்கள். அவனைத்தான் ஏற்கெனவே வெளியே தள்ளியாயிற்றே, அவனும் வந்தான்.

சொன்னதையெல்லாம் செய்தான், பாவம். ஸ்ட்ராபெரி போடச் சொன்னார்கள், போட்டான், வெயில் தின்றது. நத்தை வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தான், அவை பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. கடைசியில் மீன் என்றார்கள். பேரீச்ச மரங்களுக்குப் பாய்ச்சக் கட்டிய சிமெண்ட் குளத்தில் குஞ்சுகளை விட்டான். பிழைத்துக்கொண்டன. எல்லோருக்கும் ஆச்சரியம். மீன்களுக்கும் இருந்திருக்கும்.

(இடைச்செருகல்: நம்மூரில் ஜிலேபிக் கெண்டை என்போமே, அதே மீன்தான். அப்படிச் சொன்னதும் லஸ்ஹர் வியந்துபோனான். ரமலானில் கிலோ கிலோவாக ஜிலேபி தின்கிற ஊர் இது. "அப்ப இனிக்குமாண்ணே?" என்று கேட்டான். ஐந்து வருடமாக மீன் வளர்க்கிறவன் கேட்கிற கேள்வியா இது? அவன் மீனே தின்பதில்லை. முள் என்றால் அவ்வளவு பயம்.)

நிலம் அரசாங்கத்துடையது. ஐந்து வருடம் ஏதாவதொரு தொழிலை ஓட்டிக் காட்டினால் பட்டா கையில் வரும். தலைநகரிலிருந்து வரும் பெரிய மனிதர் குளத்தைப் பார்த்துத் தலையாட்டினால் வந்துவிடும் என்றார்கள். ஆட்டாவிட்டால் அதே நிலத்துக்கு இன்னொரு மனு வரிசையில் நிற்கிறது. பெட்ரோல் பங்க் வைக்க.

இதை நான் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் கைவரிசை என்பீர்கள். நான் செய்யவில்லை.

4

பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் இந்த ஊர் என்ன செய்யும் என்பது ஊருக்கே தெரியும். நடைபாதை ஓரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் அடிப்பார்கள். மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு பூசுவார்கள். வேர் இல்லாத மரத்தைக்கூட மணலில் நட்டுவைப்பார்கள், மறுநாள் வண்டி வந்து அள்ளிப்போகும். இந்த வேலைக்கெல்லாம் நகராட்சியின் மேஸ்திரி திஜானி. லஸ்ஹரின் மனைவி ஸக்கியாவின் தம்பி.

திஜானி கெட்டவன் இல்லை. அக்கா புருஷனுக்கு நல்லது செய்ய நினைத்தவன். வருகைக்கு முந்தைய நாள், லஸ்ஹர் பம்புக்கு பெல்ட் வாங்க டவுனுக்குப் போன நேரத்தில், குளத்தைப் பார்த்திருக்கிறான். பாசி பிடித்துக் கறுப்பாகக் கிடந்தது. ஆட்களை இறக்கிச் சுற்றுச்சுவரின் வெளியே, உள்ளே, தண்ணீர் தொடும் மட்டம்வரை வெள்ளையடித்துவிட்டான். பிரஷ்ஷையும் சுண்ணாம்பு டிரம்மையும் அந்தக் குளத்திலேயே கழுவினார்கள். தண்ணீர்தான் இருக்கிறதே!

மறுநாள் காலையில் லஸ்ஹர் வந்து பார்த்தபோது முந்நூறு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான் மச்சான்... பாரேன், எப்படிப் பளிச்சுன்னு இருக்கு!"

"பளிச்சுன்னுதான் இருக்கு! மீனும் சேந்துல்ல பளிச்சுன்னு கெடக்கு!"

ஸக்கியா முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். குழாயிலிருந்து புதுத் தண்ணீர் விழும் மூலையில் பதினோரு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றை வாளியில் அள்ளி, வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டாள். பிறகுதான் திரும்பி வந்து தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். ஊரே கூடிவிட்டது. செத்த மீன்களைக் கூடை கூடையாக அள்ளி மரத்தடியில் புதைத்தார்கள். லஸ்ஹர் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அழுதான்.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். மதனி என்றொருவர் வருகிறார், வட்டார அலுவலகத்தின் இயக்குநர். பட்டாக் கோப்பு அவர் கையில்தான். அவரை என்ன செய்வது?

முதல் படியில் வில்லனாக்கினேன். பெட்ரோல் பங்க்காரனின் சம்பந்தி என்றுகூட எழுதினேன். லஸ்ஹரிடம் போனில் படித்துக்காட்டியபோது கத்தினான்.

"ஐயோ, அவரு அப்படிப்பட்டவர் இல்லண்ணே! எங்க நத்தையத் தேடிக் கொடுத்ததே அவருதான்!"

இரண்டாவது படியில் நல்லவராக்கினேன். உப்புச்சப்பில்லாமல் போயிற்று. ஆகவே அவரை நின்ற இடத்திலேயே விட்டுவைக்கிறேன்: குளத்தின் ஓரத்தில், கையில் கோப்புடன், சட்டைப்பையில் இரண்டு பேனா. என்ன செய்கிறார் என்று அவரே காட்டட்டும்.

6

பதினொரு மணிக்கு வரவேண்டிய விருந்தினர் இரண்டரைக்கு வந்தார். வழியில் யாரோ முழு ஆட்டைச் சுட்டு விருந்து வைத்திருந்தார்கள். பதினான்கு கார்கள். எண்ணெயைத் தாண்டிய எதிர்காலத்தைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை கார்களின் எஞ்சினையும் அணைக்காமலே இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் பாலும் பேரீச்சம்பழமும் ரொட்டியும் நீட்டினார்கள். விருந்தினர் ஒரு வாய் குடித்துவிட்டுக் குளத்தைப் பார்த்தார்.

"ஆஹா, என்ன சுத்தம்! மீன் எங்க?"

திஜானி வாயைத் திறந்தான்.

"தூங்குதுங்க ஐயா. இந்த வெயில்ல எங்க ஊர் மனுசனே தூங்குவான். மீனு மட்டும் என்ன?"

விருந்தினர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தவர் போயிருக்கலாம். போகவில்லை. ரொட்டியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். "வரட்டும், பாப்போம்" என்றார். புகைப்படக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். ரொட்டித் துண்டு ஊறிப் பெருத்தது. லஸ்ஹர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய ஐந்து வருடமும் அந்தத் துண்டோடு சேர்ந்து ஊறிக்கொண்டிருந்தது.

குளத்தின் அந்தப் பக்கம், பேரீச்ச மரத்தின் மறைவில், ஸக்கியா வாளியோடு நின்றாள். அதற்குள் இருந்தது தொட்டியிலேயே பெரிய மீன். "மன்னிச்சுக்கடா ராசா" என்று அதனிடம் சொன்னாள். பிறகு வாளியைச் சாய்த்தாள்.

வெயிலில் ஒரு கணம் மீன் மின்னியது. தொப்பென்று விழுந்தது. வட்டம் வட்டமாகத் தண்ணீர் விரிந்தது.

"அதோ! அதோ!" விருந்தினர் கைதட்டினார். "எழுந்துருச்சு பாரு!" எண்ணெய் ஒருநாள் தீரும், மீன் தீராது என்று கேமராக்களுக்குப் பேசினார். கார்கள் போயின.

மதனி விருந்தினருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். மரத்தையும் வாளியையும் ஸக்கியாவையும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பை மூடிக்கொண்டு லஸ்ஹரிடம் சொன்னார்:

"எல்லாம் சரியா இருக்கு. மீன் இருந்துச்சுன்னு ரெண்டு சாட்சி மட்டும் வேணும். சொந்தக்காரங்க போடக்கூடாது. ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்குள்ள குடுத்துரு."

அவர் அவனைக் கைவிட்டாரா, காப்பாற்றினாரா? நான் எழுதுகிறவன், எனக்கே தெரியவில்லை.

7

சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

(அ) ஊர்க்காரர்கள் இருவர் முன்வந்து கையெழுத்திடுகிறார்கள். இது நடக்காது. சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். மீனைப் புதைத்த கை அந்தப் பேனாவைத் தொடாது.

(ஆ) நிலம் கைமாறுகிறது. பெட்ரோல் பங்க் திறப்பு விழாவுக்கு ஓரக்கல்லில் சிவப்பும் வெள்ளையும் அடிக்கிறான் திஜானி. அழகான முடிவு. எனக்குக்கூடப் பிடித்திருந்தது. லஸ்ஹரிடம் சொன்னேன்.

"அண்ணே, உங்களுக்கு அது கதை. பாக்கிப் பத்து மீனும் இன்னும் எங்க தொட்டியிலதான் இருக்கு. நெலம் எங்க கைக்கு வந்தாத்தான் குளத்துத் தண்ணிய மாத்தி அதுகளை விட முடியும். அஞ்சு நாளா வீட்ல யாரும் குளிக்கலை."

வெட்கமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

(இ) ஆசிரியர் நினைத்தால் முந்நூறு மீனையும் பிழைக்கவைக்கலாம், ஒரு வரி போதும். லஸ்ஹர் காலையில் வந்து பார்த்தபோது மீன்கள் எல்லாம் துள்ளி—

மனசு வரவில்லை. என் தொழில் அப்படி. விரிசலைப் பார்த்துவிட்டு இல்லை என்று எழுத முடியாது.

8

இன்று சனிக்கிழமை. இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், நாளைக் காலை அலுவலகம் திறந்துவிடும். படிவம் மேசையில் இருக்கிறது. மறுபடி படித்தேன். "உயிருள்ள மீன் இருந்ததைக் கண்டோம்" என்றுதான் இருக்கிறது. எத்தனை மீன் என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றும் கேட்கவில்லை. வாளியிலிருந்து விழுந்த மீன் தண்ணீரைத் தொட்டபோது உயிரோடுதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்தேன். அந்த ஆறாம் பகுதி முழுக்க ஸக்கியா சொல்லிக் கேட்டு எழுதியது.

நீங்கள் அப்படியில்லை. குளக்கரையிலேயே நின்றீர்கள். ரொட்டி ஊறியதைப் பார்த்தீர்கள். வெயிலில் மீன் மின்னியபோது உங்கள் கண் அங்கேதான் இருந்தது. லஸ்ஹருக்கு நீங்கள் சொந்தமும் இல்லை. மதனியின் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதையும் விசாரித்துவிட்டேன்.

நீங்கள் போட்டால், உங்களை நம்பி நானும் போடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக. முதல் கோடு உங்களுக்கு. பேனா மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். சீக்கிரம், அந்த வீட்டில் எல்லோரும் குளிக்க வேண்டும்.

சாட்சி 1: ................................